சிறுதேரும் மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டியின்மீது ஒருவர்க்கு உண்டாகும் வாழ்நாட் பற்று எப்பொழுது தொடங்குகின்றது? வண்டியொன்றை வாங்கும் ஆற்றல் வந்த பின்னரே அது தோன்றும் என்று பலர் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பொருள் வந்தபின் தோன்றுவது பெரும்பாலும் பெருமை விருப்பமேயன்றிப் பற்று அன்று. மெய்யான பற்று, கையிற் காசில்லாத பிள்ளைப் பருவத்திலே, கண், செவி, மூக்கு, கை என்னும் நான்கு வாயில்களாலும் உள்ளே புகுந்து குடிகொள்வது. அது புகுவதற்கு வேண்டுவன இரண்டு. பொறியின் அருகே செல்லப் பிள்ளைக்கு இடங்கொடுத்தல் ஒன்று; பிள்ளை வினாவும்பொழுது விடை கூற ஒரு பெரியவர் இருத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் நம் சமூகம் பிள்ளைகளுக்கு மெல்ல மெல்ல மறுத்து வருகின்றது. அந்நிலையை மாற்றும் கடமை நம்போன்ற கல்லூரிகளுக்கு உண்டு என்பதே இவ்விழா மலரில் நாம் கூற விழையும் கருத்தாகும்.

சில்லின்மீது பிள்ளைக்குள்ள காதல் மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்து தந்ததன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் வைக்கப்பெற்றது சிறுதேர்ப் பருவம். தவழ்ந்து, தளர்நடை பயின்று, சிறுபறை முழக்கிய குழந்தை, ஈற்றிலே தேருருட்டக் கற்கின்றது. அதனினும் பழைய பட்டினப்பாலையிலே ஓர் இனிய காட்சி உண்டு. முற்றத்தில் உலரவிட்ட உணவைக் கவர வந்த கோழியை ஓட்டுதற்கு மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். நிலத்தில் வீழ்ந்த அவ்வணி, சிறுவர் குதிரை பூட்டாது உருட்டிவரும் மூன்று சில்லுத் தேரை மறித்து நிற்கின்றது. 1886 ஆம் ஆண்டிலே ஜேர்மனியிற் கார்ல் பென்ஸ் என்பார் உரிமை பதிவுசெய்த மோட்டார் வண்டிக்கும் சில்லுகள் மூன்றே. அதற்கும் குதிரை இல்லை. பட்டினப்பாலைச் சிறுவன் அதனைக் கண்டிருப்பின், தன் தேரைப் பெரியவர் ஒருவர் பெரிதாக்கி வைத்துள்ளார் என்றே நினைத்திருப்பான்.

அவ்வண்டியின் முதல் நெடும்பயணத்திலும் சிறுவர் பங்கு சிறிதன்று. 1888 ஆம் ஆண்டிலே பென்ஸின் மனைவி பேர்த்தா அம்மையார், 15, 13 வயதினரான தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை அதிலே கடந்தார். வண்டி மேட்டிலே ஏற மறுத்தபொழுது இறங்கித் தள்ளியவர்கள் அப்புதல்வரே. மோட்டார் வண்டி உலகிற்கு அறிமுகமான நாளிலேயே சிறுவரின் கை அதன்மேற் பட்டிருந்தது.

நம் யாழ்ப்பாணத்துச் சிறுவனின் முதல் வண்டி நுங்குக் கோம்பையால் ஆனது. நுங்கு குடித்தபின் எஞ்சும் கோம்பைகள் இரண்டைத் தடியொன்றின் இரு முனைகளிலும் கோத்து, கவர்த்தடியால் அதனைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையெங்கும் அவன் ஓடுவான். அச்சுக் கோணினால் வண்டி வேலிப்பக்கம் இழுபடும். கோம்பைகளுள் ஒன்று சிறுத்திருப்பின் அச்சிறியதன் பக்கமே வண்டி திரும்பும். அச்சுக்கும் சில்லுக்கும் திசைக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் எவரும் கற்பியாமலே அவன் அறிந்துகொள்கின்றான். அடுத்து, தேய்ந்த சைக்கிள் ரயரைத் தடியால் அடித்து உருட்டுவான். வேகமாக உருளும் ரயர் நிமிர்ந்து நிற்பதையும் வேகந் தளர்ந்தால் அது சாய்ந்து விழுவதையும் காண்பான்.

பின்னர் நல்லூர்த் தேர்த் திருவிழா வரும். தந்தையின் தோளில் அமர்ந்து சுவாமியை வணங்கிய பிள்ளையின் கண், அடுத்த கணமே கீழிறங்கிச் சில்லின்மீது நிலைக்கும். சுக்கானும் தடையும் இல்லாத அம்மாபெருந் தேரைச் சில்லின்கீழ் மரக்கட்டையை இட்டே திருப்பியும் நிறுத்தியும் செலுத்துவோரின் திறமை அதனைத் திகைக்க வைக்கும். இவையெல்லாம் மோட்டார்ப் பற்றின் அரிச்சுவடிகள் என்பது நம் துணிபு.

உலகறிந்த மோட்டார்ப் பெரியார் சிலரின் இளமையை நோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். ஹென்றி போட், தமக்கு 12 வயதாயிருந்தபொழுது தந்தையுடன் வண்டியிற் செல்கையில், டிற்றொயிற் நகருக்கு அண்மையில் தெருவில் தானே ஊர்ந்துவந்த நீராவிப் பொறியொன்றைக் கண்டார். உடனே கீழே குதித்து, அதனை ஓட்டிவந்தவரிடம் வினாக்களைத் தொடுத்தார். அம்மனிதரும் சலிக்காது விளக்கினார். தம் இளமையிலே நிகழ்ந்தவற்றுள் இதுவே மிகப் பெரியது என்று போட் பிற்காலத்தில் எழுதிவைத்தார். 1908 ஆம் ஆண்டு முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளை ஈன்ற ‘மொடல் ரி’ என்னும் வரிசைக்கு, தெருவோரத்தில் ஒரு சிறுவனுக்கு விடை கூறிய அப்பெருந்தன்மையும் ஒரு காரணமன்றோ?

யப்பானிலே ஒரு கொல்லரின் மகனாய் 1906 ஆம் ஆண்டிற் பிறந்தவர் சொயிச்சிரோ ஹொண்டா. தம் கிராமத்துக்கு முதன்முதல் வந்த மோட்டார் வண்டியின் பின்னே சிறுவனாய் ஓடிய அவர், அது நின்ற இடத்திற் சிந்தியிருந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்து மகிழ்ந்தார். 1922 ஆம் ஆண்டிலே தோக்கியோ நகரில் வண்டி திருத்தும் நிலையமொன்றிற் பயிலுநராய்ச் சேர்ந்தபோது, முதலில் அவருக்குக் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைச் சுமப்பதே. எனினும் அவர் அவ்விடத்தை விட்டகன்றாரல்லர். பொறியின் அருகில் இருத்தலே அவருக்குப் போதியதாயிற்று.

நம் மொழியினரிடையேயும் சான்று உண்டு. 1893 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த கலங்கலிற் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தார். உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியபின் அவர் செய்தது, ஊரார் காணப் பவனி வருதலன்று. அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியதேயாம். 1920 ஆம் ஆண்டிற் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கியவரும் அவரே. வண்டியில் ஏறிப் பெருமை கொள்பவனுக்கும் வண்டியைக் கழற்றி அறிவு கொள்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஹில்மன் முதலிய வண்டிகள் யாழ்ப்பாணத்து வீதிகளில் நிறைந்திருந்த காலத்தை நம் மூத்த பழைய மாணவர் மறந்திரார். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே தட்டிவான்கள் ஓடியதும் அவர்கள் நினைவில் இருக்கும். அவ்வண்டிகளின் பொனற்றைத் திறந்தால் உள்ளே உறுப்பும் கீழே நிலமும் தெரியும். எது எதனை இயக்குகின்றது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை கண்ணாலே தொடர்ந்து சென்று காணலாம். கராஜிலே வேலை செய்பவர், அருகில் நிற்கும் சிறுவனிடம் “தம்பி, அந்தச் சாவியை எடு” என்று கேட்பார். எடுத்துக் கொடுத்தவன் அன்று முதல் அக்கராஜின் மாணாக்கன்.

மொறிஸ் மைனரின் பொனற்றின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டியைக் கண்டோர் பலர்; அதன் காரணத்தை அறிந்தோர் சிலரே. அவ்வண்டியை வகுத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றுவதைக் கண்டு, அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் 4 அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்தார். அவ்வகலமே நன்றெனத் துணிந்தார். இடையில் இட்ட அந்நாலங்குலத்தின் தழும்பே அப்பட்டி. 1948 ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டி, பத்து இலட்சம் என்னும் எண்ணை எட்டிய முதற் பிரித்தானிய வண்டியாயிற்று. இச்சிறு கதையைப் பிள்ளையொன்றுக்கு வண்டியின் முன்னே நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். அதன்பின் அப்பிள்ளை எந்த வண்டியையும் வெறுந் தகரமாகக் காணாது. ஒரு மனிதன் ஐயுற்றும் ஆராய்ந்தும் துணிந்தும் செய்த ஆக்கமாகவே காணும்.

இப்பற்றினால் விளைந்த பயன் யாது என்று வினவுவோர்க்கு 1990 ஆம் ஆண்டுக்குப் பின்வந்த காலமே விடை கூறும். போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டை வளைத்தபொழுது பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அக்காலத்தில் நம்மூர் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த பொறியில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலை மட்டும் காபுரேற்றரில் விட்டுப் பொறியை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய பிரித்தானிய வண்டிகளின் அழுத்த விகிதம் குறைவாயிருந்தமையால் அவை அதனை ஓரளவு தாங்கின. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பொறியின் எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்தது. புகை கண்ணைக் கரித்தது. ஆயினும் நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவமனைக்குச் செல்ல அவ்வண்டிகளே உதவின. இவ்வறிவு எந்தப் பாடநூலிலிருந்து வந்தது? சிறுவராயிருந்தபொழுது கராஜ் வாசலிலே நின்று பார்த்தவர்களின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் வந்தது.

அங்ஙனம் நம்மைக் காத்த கைகளுக்கு நாம் செய்த மரியாதை என்ன? ஈண்டு நாம் சிறிது கடுமையாகப் பேசவேண்டியுள்ளது. வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவரை எழுந்து நின்று வரவேற்கின்றோம்; அதன்கீழே படுத்துக் கிடப்பவரை “அவர் கராஜ்காரர்தானே” என்கின்றோம். சீதனமாக வண்டி கேட்க நாணாத நாம், வண்டி திருத்தும் தொழிலை மகன் விரும்பினால் நாணுகின்றோம். பிள்ளை வண்டியைப் பற்றிப் பேசினால், “படிக்கிற நேரத்தில் உனக்கு என்ன வண்டிப் பைத்தியம்?” என்று வாயடைத்துத் தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றோம். ஆனால் ஆயுத பூசை நாளிலோ சாவியையும் சுத்தியலையும் நூலோடு ஒருசேர வைத்துச் சந்தனம் இட்டு வணங்குகின்றோம். புது வண்டியைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுசென்று சில்லின்கீழ்த் தேசிக்காய் வைக்கின்றோம். கருவியை ஒருநாள் வணங்கி, அதனைக் கையாளுபவனை ஆண்டு முழுவதும் இகழ்தல் எவ்வகைச் சமயநெறி?

சிலர் மறுப்பர். இக்கால வண்டிகள் கணினியால் இயங்குவன. திறந்து பார்த்தாலும் மூடியே தெரியும். அவற்றிற் பிள்ளை கற்பதற்கு என்ன உண்டு என்பர். இம்மறுப்பில் உண்மையுண்டு, முழுவுண்மை இல்லை. ஹைபிரிட் வண்டியின் மின்கலத் தொகுதியும் பல கூறுகளால் ஆனதே. எக்கூறு நலிந்தது என்று மின்னழுத்தத்தை அளந்து கண்டு, அதனை மட்டும் மாற்றும் திறமையை நம் நாட்டுக் கராஜ்களிலே இளைஞர் பலர் பெற்றுள்ளனர். 2020 ஆம் ஆண்டு முதல் 2025 வரை தனியார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், பழையவற்றைக் காத்துத் தந்தவர்களும் இத்தகையோரே. மூடி இறுகியிருக்குந்தோறும் திறந்து காட்டுபவரின் தேவை மிகுமன்றிக் குறையாது.

வேறு சிலர், இப்பற்று இளைஞரை வேகத்துக்கும் விபத்துக்கும் இட்டுச் செல்லும் என்று அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் எளிதாகத் தள்ளமாட்டோம். வீதியிலே பிள்ளைகளை இழந்த இல்லங்கள் நம்மிடையே உள்ளன. ஆயினும் வேகத்தின்மேல் உள்ள வெறி வேறு, பொறியின்மேல் உள்ள பற்று வேறு. வேகம் இருமடங்கானால், தடையை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது விதி. இதனைப் பரீட்சைக்கு மனனஞ் செய்தவனைக் காட்டிலும், தேய்ந்த தடையைத் தன் கையாற் கழற்றிப் பார்த்தவன் அடக்கமாக ஓட்டுவான் என்று நாம் நம்புகின்றோம்.

ஆதலின் யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் மூன்று செயல்களை முன்வைக்கின்றோம். முதலாவது, கல்லூரி வளவில் ஒரு கொட்டகை. அதனுள் ஓடும் நிலையிலுள்ள பழைய பொறியொன்று. ஆறாந் தரம் முதலாக விரும்பும் மாணவர் எவரும், தெரிந்தவர் ஒருவரின் மேற்பார்வையிலே அதனைக் கழற்றவும் பூட்டவும் உரிமை. இதற்குப் பரீட்சையும் புள்ளியும் வேண்டா. அவை வந்தால் பற்றுப் போய்விடும். இரண்டாவது, பழைய மாணவரிடமும் அவர்தம் உறவினரிடமும் உள்ள பழைய வண்டிகள் ஆண்டுக்கொருமுறை கல்லூரி மைதானத்துக்கு வருதல். வந்து பொனற்றைத் திறந்து வைத்து நிற்றல். பூட்டிய வண்டியைக் காட்டுதல் பெருமை. திறந்த வண்டியைக் காட்டுதல் கல்வி. மூன்றாவது, மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய கைத்திறனை உடைய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, மேடையில் நாற்காலி இட்டு, அவர்கள் கூறுவதை மாணவரைக் கொண்டே எழுதுவித்தல் வேண்டும். அவர்கள் மறைந்தபின் வருந்துதலாற் பயனில்லை.

இக்கொட்டகைக்குள் நுழையும் நூறு மாணவருள் மோட்டார்த் துறைக்குச் செல்பவர் ஐவரே ஆகலாம். ஏனையோர் மருத்துவராவர், கணக்காளராவர், ஆசிரியராவர். அவர்களுக்கும் இஃது இழப்பன்று. ஒரு பொருள் ஏன் இயங்குகின்றது, ஏன் நின்றது, எங்ஙனம் மீண்டும் இயங்கும் என்று கேட்கப் பழகிய உள்ளம் எத்துறைக்கும் அணியாகும். கையழுக்காக உழைப்பவரைக் கண்டால் தலைவணங்கும் பண்பும் உடன்வரும். நம் முன்னோர் பிள்ளையின் கையிலே சிறுதேரைக் கொடுத்து அதன் வளர்ச்சியைப் பாடினர். அத்தேர் வளர்ந்து மோட்டார் வண்டியாகிவிட்ட இந்நாளில், நம் பிள்ளையின் கையைத் தட்டிவிடாதிருத்தலே நாம் செய்யத்தக்கது.