ஃபோனில் கிடக்கும் புத்தகமும் மேசையில் கிடக்கும் புத்தகமும்

"சேர், பிள்ளைகளுக்கு ஃபோன் குடுக்காதீங்கண்டு கூட்டத்துல சொன்னதும் நீங்கதான். இப்ப குரூப்புல பி.டி.எஃப். அனுப்புறதும் நீங்கதான். நாங்க எதக் கேக்குற?"

சென்ற வருடம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு பிள்ளையின் வாப்பா எங்களை நிறுத்திக் கேட்டது இது. அன்று சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டது நியாயம். ஊரில் இன்னும் சிலர் இதையே கேட்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சிறு விளக்கம். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஞாயிறு காலைகளில் வாசிகசாலை மண்டபத்தில் தரம் 9, 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறோம். கல்வியியல் கல்லூரியில் படித்த உரையாடல் பயிற்சிகள் எல்லாம் செய்து பார்த்தோம். சந்தையில் இருவர் பேசுவது போல எழுதிக் கொடுத்தால், பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் டன்ஜியன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை ஒன்று தீர்மானிக்கும். பகடை என்றதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அதனால் நாங்கள் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம். காசுப் பேச்சே இதில் இல்லை.

இதற்கு விதிப் புத்தகம் வேண்டும். 2014இல் வந்த பதிப்பின் முதல் புத்தகம் 320 பக்கம், விலை 49 டொலர் 95 சதம். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே கிட்டத்தட்ட 15,000 ரூபா. கப்பல் செலவு வேறு. யார் வாங்குவது? இணையத்தில் தேடினோம், முழுப் புத்தகமும் ஃபைலாகக் கிடைத்தது, குரூப்பில் போட்டுவிட்டோம். இரண்டு நிமிட வேலை.

அடுத்த ஞாயிறு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறு பிள்ளைகள், ஆறு ஃபோன். ஒரு பிள்ளையின் பாத்திரம் மதிலில் ஏறிக் கீழே விழுந்துவிட்டது. எவ்வளவு அடிபடும்? விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஆறுக்குள் ஓர் எண் எடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. சின்ன விதிதான். ஆனால் அந்தப் பக்கங்கள் பெரிய தாளுக்கென்று இரண்டு பத்தியாக அச்சடிக்கப்பட்டவை. ஃபோனில் பெரிதாக்கி இடது பத்தியைக் கீழே வரை இழுத்து, திரும்ப மேலே போய் வலது பத்தியைப் பிடிக்க வேண்டும். தேடல் பெட்டியில் 'ஃபோல்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் புத்தகம் முழுக்க எங்கெங்கோ அது வருகிறது. ஆறு பேரும் ஆறு பக்கத்தில் நின்றார்கள். இதற்கிடையில் ஒருவருக்கு மெசேஜ் வந்தது, இன்னொருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். ஆங்கிலம் பேச வந்த பிள்ளைகள் முக்கால் மணித்தியாலம் தலை குனிந்து மௌனமாக இருந்தார்கள்.

அதைவிட எங்களைத் தைத்தது வேறொன்று. போகும்போது ஒரு தரம் 9 பிள்ளை கேட்டார்: "சேர், இது நீங்க காசு குடுத்து வாங்கினதா?"

இல்லை. அந்தக் கம்பனி இந்தப் பதிப்பின் முழு விதிப் புத்தகத்தை பி.டி.எஃப். ஆக விற்பதே இல்லை. ஒரு சுருக்கப் பதிப்பை மட்டும் இலவசமாகக் கொடுக்கிறது. ஆகவே அந்த 320 பக்க ஃபைல் யார் கையில் இருந்தாலும் அது களவுப் பிரதிதான். பரீட்சையில் கொப்பி அடிக்காதே என்று சொல்லும் நாங்களே அதைப் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறோம். அன்றிரவே குரூப்பில் மன்னிப்புக் கேட்டு அழித்தோம். அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் தெரியும்.

டிசம்பர் விடுமுறைக்கு டோஹாவிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் அச்சுப் புத்தகத்தையே வாங்கி வந்து தந்தார். ஒரே ஒரு பிரதி. ஆறு பேருக்கு ஒன்று போதாது என்றுதான் நினைத்தோம். நடந்தது நேர்மாறு. ஒரு புத்தகம் என்பதால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் "நோ, ரீட் இட் எகெய்ன்" என்றார்கள். இது எங்கள் ஒன்றரை வருட முயற்சியில் பிள்ளைகள் தாமாகச் சொன்ன முதல் ஆங்கில வசனங்களில் ஒன்று. இப்போது அந்த விழும் விதி எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று அவர்கள் கைக்கே தெரியும்.

2025 பெப்ரவரி 9 ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன நாள். அன்று ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டு லுஹர் வரை ஆடினோம். (அந்தக் குரங்கையும் ஒரு பிள்ளை கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்.)

காசு கொடுத்து ஃபைல் வாங்கினால் பிரச்சினை தீராதா என்று ஒரு நண்பர் கேட்டார். பாதிதான் தீரும். 2009 ஏப்ரலில் இதே கம்பனி, களவுப் பிரதிகளைக் காரணம் காட்டித் தன் பி.டி.எஃப். விற்பனை முழுவதையும் திடீரென நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் கடைத் தளத்திலிருந்து திரும்ப இறக்க முடியாமல் போனது. மறுபடி விற்கத் தொடங்கியது 2013இல். 2024 ஓகஸ்டில், அதன் இணையத் தளத்தில் பிள்ளைகள் வைத்திருக்கும் பாத்திரத் தாள்களில் பழைய மந்திர விதிகளை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பின் விதிகளைப் போடப் போவதாக அறிவித்தார்கள். வாங்கியவர்கள் சத்தம் போட்டதால் சில நாட்களில் பின்வாங்கினார்கள். எங்கள் அலுமாரியில் இருக்கும் புத்தகத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் யாராவது சாவியோடு வர வேண்டும்.

இருந்தாலும் ஃபைலை நாங்கள் ஒதுக்கவில்லை. எங்களில் ஒருவர் இன்னும் ஃபைல் பக்கம்தான். சனி இரவு கதையைத் தயாரிக்கும்போது ஒரு சொல்லைத் தேடி எடுக்க அதைப் போல வசதி இல்லை என்பார். அதுவும் சரி. பார்வை குறைந்த பிள்ளை ஒருவர் எங்களிடம் வருகிறார். அச்சு எழுத்து அவருக்கு எட்டாது. டெப்பில் பெரிதாக்கிக் கொடுத்தால் மற்றவர்களை முந்தி வாசிக்கிறார். அவருடைய டெப் மட்டும் மேசையில் இருக்கும். அதைக் காட்டி மற்றவர்கள் ஃபோனை எடுக்க அனுமதி இல்லை.

களவில்லாத ஃபைலுக்கும் வழி இருக்கிறது, அதை நாங்கள்தான் முதலில் தேடவில்லை. 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பை, சுமார் 400 பக்கம், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலத்தை யாரென்று குறிப்பிட்டால் போதும். அச்சடிக்கலாம், போட்டோகொப்பி எடுக்கலாம், தமிழில் மொழிபெயர்க்கவும் செய்யலாம். படங்கள் கிடையாது, வறண்ட எழுத்துத்தான். அதிலிருந்து தேவையான அறுபது பக்கத்தை மட்டும் எடுத்து ஸ்பைரல் போட்டு மூன்று பிரதி செய்திருக்கிறோம். போட்டோகொப்பிக் கடை நாநா பாதிக் காசுதான் எடுத்தார்.

அந்த வாப்பாவுக்கு இப்போது எங்கள் பதில்: ஞாயிறு வகுப்புக்கு ஃபோன் தேவையில்லை, குரூப்பில் இனி நேரம் மட்டும்தான் போடுவோம். பழைய மாணவர் குரூப்புகளிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு டெப்பும் ஸ்மார்ட் போர்டும் தரும்போது வாசிகசாலையில் ஓர் அலுமாரித் தட்டுக்கும் ஏதாவது ஒதுக்குங்கள். இரண்டாவது பிரதி ஒன்று வந்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், அவர்கள் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள்.

இப்போதைக்கு இருக்கும் ஒன்று "இது நீங்க காசு குடுத்து வாங்கினதா" என்று கேட்ட பிள்ளையின் வீட்டில் இருக்கிறது. முதுகு கொஞ்சம் விட்டுப்போய்விட்டது, உம்மா பழைய கலண்டர் தாளில் உறை போட்டுத் தந்திருக்கிறாராம். ஞாயிறு காலை எட்டரைக்குக் கொண்டுவருவார்.