பாவசங்கீர்த்தனத்துக்குப் பத்து நிமிஷம்

ஒவ்வொரு தவக்காலமும் தவறாமல் இந்தப் பிரசங்கத்தைக் கேட்கிறோம். "நன்மை வாங்க மட்டும் கோயிலே எழுந்து வருது, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளைக் காணோம். பாவ உணர்வே செத்துப் போச்சு!" கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. பதில் சொல்லிடறது நல்லது.

ஃபாதர், பாவ உணர்வு எல்லாம் உயிரோடத்தான் இருக்கு. உங்க நேரம்தான் கிடைக்கல.

நான் போய்வந்த பங்குகளில் அறிவிப்புப் பலகையில் ஒரே வரிதான்: 'பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம்'. எட்டு மணிப் பூசை என்று வையுங்கள். முந்தின பூசைக் கூட்டத்துக்கு ஆசீர் கொடுத்து, பூசைக் கருத்து எழுத வந்தவர்களை அனுப்பிவிட்டு ஃபாதர் தொட்டியில் உட்காரும்போது மணி 7.45. உடுப்பு மாட்ட 7.55க்கு எழுந்தாகணும். ஆளுக்கு மூணு நிமிஷம் என்றால் மூணு பேர். வரிசையில் பதினஞ்சு பேர். இந்தக் கணக்குக்கு இஞ்சினியரிங் படிச்சிருக்க வேண்டியதில்லை :-)

போன தவக்காலத்தில் எனக்கு முன்னால் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர். "தம்பி, எத்தனையோ வருஷம் கழிச்சு வர்றேன், ஜெபமெல்லாம் மறந்துபோச்சு"ன்னு மெதுவா கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். அவர் முறை வந்தபோது மணி அடிச்சாச்சு. "அடுத்த வாரம் பார்க்கலாம்"னு ஃபாதர் எழுந்து போயிட்டார். அந்த மனுஷன் பூசைக்குக்கூட நிக்கல, கேட்டைத் தாண்டிப் போயிட்டார். அதுக்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

சாவான பாவத்தோடு நன்மை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கு (916). வழியே இல்லாதபோது, தக்க காரணம் இருந்தால், சீக்கிரமே பாவசங்கீர்த்தனம் செய்கிற உறுதியோடு உத்தம மனஸ்தாபப்படலாம் என்ற விதிவிலக்கும் அதிலேயே இருக்கு. நாம வாராவாரம் விதிவிலக்கிலேயே ஓட்டுறோம். இல்லைன்னா பெஞ்சில் உட்காரணும், "ஏன் நன்மை வாங்கல?"ன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்ப்பாங்க. கடைசியில் முக்கால்வாசிப் பேர் வரிசையோடு வரிசையாய்ப் போய் வாங்கிடறாங்க. பழி மட்டும் மக்கள் மேல!

சட்டம் மக்களுக்கு மட்டுமா? 1983 சட்டத்தொகுப்பின் 986-ஐ எடுத்துப் பாருங்கள். மக்களுக்கு வசதியான நாளும் நேரமும் குறித்து பாவசங்கீர்த்தனம் கேட்பது மேய்ப்பர்களின் கடமை. 'வசதி' என்று சொல்லியிருப்பது நம்முடைய வசதியை. 2002-ல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'மிசெரிகோர்தியா தேயி' இன்னும் ஒரு படி மேலே போய், பூசைக்கு முன்னால் கிடைக்கச் செய்யுங்கள், வேறு குருக்கள் இருந்தால் பூசை நடக்கும்போதே கேளுங்கள் என்கிறது. 2004-ல் வந்த 'ரெதெம்சியோனிஸ் சாக்ரமெந்தும்' கூட பூசையோடு சேர்த்து ஒரே சடங்காக்காதே என்றுதான் சொல்கிறது. வேறு குரு ஓரமாய் உட்கார்ந்து கேட்பதை அது தடுக்கவில்லை.

"ஒரே ஆள், நாலு பூசை, கிளைக் கிராமங்கள் வேற, என்ன செய்ய?" என்பார்கள். நியாயம்தான். பூசை வைக்கப் போகிற குருவுக்கும் கொஞ்சம் அமைதி வேண்டும். அதனால்தான் சொல்றேன், எல்லாத்தையும் அந்தப் பத்து நிமிஷத்தில் கொண்டுபோய்த் திணிக்காதீங்க. கேட்பது இவ்வளவுதான்:

1. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆள் வந்தாலும் வராட்டியும் ஃபாதர் தொட்டியில் இருக்கணும்.

2. துணைப் பங்குத்தந்தை இருக்கிற பங்கில், ஞாயிறு பூசை நேரத்தில் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்கட்டும்.

3. தொட்டியை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்தும் வரிசையின் காதிலிருந்தும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நம்ம ஆட்களுக்கும் ஒண்ணு. மாமியார் பாவத்தையும் மேனேஜர் பாவத்தையும் அங்கே போய் சொல்லாதீங்க. உங்க பாவத்தை மட்டும் சொன்னா பின்னாடி நிக்கிறவனுக்கு இடம் கிடைக்கும்.

பங்குக் குருக்களின் பாதுகாவலர் ஜான் மரிய வியான்னி கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை தொட்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் திருநாளை ஆகஸ்ட் 4 அன்று மாலை போட்டுக் கொண்டாடுகிறோம். நாங்க பதினாறெல்லாம் கேட்கவில்லை ஃபாதர். வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் ஆள் வரலைன்னா தாராளமா பிரசங்கத்தில் திட்டுங்க.