குளத்தைக் குத்தகைக்கு விடலாம்... கல்லணையை?

‘எக்ஸ்க்ளூஸிவ் லைசென்ஸ்’ என்று இங்கிலீஷில் சொன்னால் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் அதை ஒரே வார்த்தையில் புரிய வைத்துவிடலாம். குத்தகை!

ஊர்க்குளத்து மீன் குத்தகை, கோயில் தென்னந்தோப்புக் குத்தகை, பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை... ஏலத்தில் யார் அதிகம் கேட்டாரோ, அவருக்கு ஒரு வருஷமோ மூணு வருஷமோ. அதுவரை அந்தக் குளத்தில் அவர் மட்டும்தான் வலை வீசலாம். பொழுது போகாமல் தூண்டிலோடு கரையில் போய் உட்கார்ந்தால்கூட, “யாருய்யா அது?” என்று எதிர்க்கரையிலிருந்து சத்தம் வரும். இதில் தப்பு ஒன்றும் கிடையாது. பணம் கட்டினவர் அவர். மீன் குஞ்சு வாங்கி விட்டவரும் அவர். அவர் விலை ஜாஸ்தி சொன்னால் நமக்கும் நஷ்டமில்லை. அடுத்த ஊர்க் குளத்து மீன் இருக்கவே இருக்கிறது.

ஆனால், ஒரு புண்ணியவான் வந்து, “குளமெல்லாம் எதுக்கு சார்... கல்லணையையே குத்தகைக்கு விட்டுடுங்களேன்” என்று கேட்டால்? காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நாலுக்கும் சாவி அவர் இடுப்பில்! கடைமடை விவசாயி அப்புறம் எந்தக் குளத்தைத் தேடிப் போவார்?

இந்த வித்தியாசத்தை மட்டும் மனசில் முடிந்துகொள்ளுங்கள். இப்போது நேராக வீடியோ கேமுக்குப் போகலாம்.

“வீடியோ கேமா? அது சின்னப் பசங்க சமாசாரமாச்சே” என்று பக்கத்தைப் புரட்டப் போகிற ஆபீஸ் நண்பரே, ஒரு நிமிஷம். லஞ்ச் டயத்தில் செல்போனைக் குறுக்குவாட்டில் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் சிக்ஸர் சிக்ஸராக அடித்துத் தள்ளிவிட்டு, மானேஜர் தலை தெரிந்ததும் டிராயருக்குள் போனைத் தள்ளுவது யாராம்?

*

2006 கடைசியில் ‘கிரிக்கெட் 07’ என்று ஒரு கேம் வந்தது. வெளியிட்டது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்கிற அமெரிக்கக் கம்பெனி. சுருக்கமாக ஈ.ஏ. ‘பரீட்சைக்கு நெட்ல மெட்டீரியல் எடுக்கணும்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு பிரவுஸிங் சென்டருக்குப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகள் எடுத்த மெட்டீரியல் பெரும்பாலும் இதுதான்.

அந்த கேமில் ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து டீம்களில் அசல் பெயர்கள். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால், கெஸட்டில் பெயர் மாற்றிக்கொண்ட மாதிரி யார் யாரோ வந்து நிற்பார்கள். நிற்கிற தோரணை தெரிந்த மாதிரி இருக்கும். பெயர் மட்டும் ஒட்டாது! காரணம், ஆஷஸ் ஆடுகிற அந்த இரண்டு டீம்களுக்குத்தான் கம்பெனி உரிமம் வாங்கியிருந்தது. நம்ம பையன்கள் விடுவார்களா? ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் திருத்தினார்கள். அதை சி.டி-யில் போட்டு ஊர் ஊராகப் பரப்பினார்கள். ரேஷன் கார்டில் பெயர் திருத்த இவ்வளவு அக்கறை காட்டியிருப்பார்களா, சந்தேகம்தான்!

ஆக, ஸ்போர்ட்ஸ் கேமில் கிராபிக்ஸ் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பெயரும் ஜெர்ஸியும். அதைக் கொடுக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் மதகு இருக்கிறது.

*

மதகை ஒரே ஆளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முழுநீளக் கதை இருக்கிறது. அங்கே ‘ஃபுட்பால்’ என்றால் தேங்காய் மாதிரி நீள்வட்டப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதை நடத்துவது என்.எஃப்.எல். என்ற அமைப்பு. மொத்தம் 32 டீம்கள்.

இந்த ஆட்டத்துக்கு ஈ.ஏ. வருஷா வருஷம் போடுகிற கேம் பெயர் ‘மேடன்’. 2004-ல் அதன் விலை 49.95 டாலராக இருந்தது. 2004 ஜூலையில் போட்டிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஸேகாவும் டேக்-டூவும் சேர்ந்து ‘ஈ.எஸ்.பி.என். என்.எஃப்.எல். 2கே5’ என்ற கேமை 19.99 டாலருக்கு இறக்கிவிட்டார்கள். சரக்கும் மட்டமில்லை, விமரிசகர்கள் பாராட்டினார்கள். அம்பது டாலர் பண்டம் எதிர்க்கடையில் இருபது டாலருக்குக் கிடைத்தால் என்ன ஆகும்? சில மாதங்களில் மேடன் விலை 29.95 ஆகச் சரிந்தது. வாங்குகிறவனுக்கு தீபாவளி!

தீபாவளி அதிக நாள் நீடிக்கவில்லை. 2004 டிசம்பர் 13-ம் தேதி அறிவிப்பு வந்தது. என்.எஃப்.எல். டீம்கள், வீரர்கள், ஸ்டேடியங்கள் எல்லாவற்றையும் கேமில் பயன்படுத்தும் உரிமை ஐந்து வருஷத்துக்கு ஈ.ஏ. ஒருத்தருக்கு மட்டும். எதிர்க்கடை ஷட்டர் அன்றைக்கே பாதி இறங்கிவிட்டது. கடை நடத்தலாம், ஆனால் அசல் டீம், அசல் ஆள் யாரும் இருக்கக் கூடாது. இட்லிக் கடைக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு அரிசி கிடையாது என்கிற மாதிரி.

அடுத்த வருஷ மேடன் என்ன விலை? நீங்கள் நினைத்தது சரி. மறுபடி 49.95!

ஐந்து வருஷம் என்று ஆரம்பித்த குத்தகை, புதுப்பித்துப் புதுப்பித்து 2020-லும் நீட்டிக்கப்பட்டது. நடுவில் 2008-ல் கேம் வாங்கினவர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2012-ல் 27 மில்லியன் டாலருக்கு சமரசம். தப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமலே ஈ.ஏ. பணம் கட்டியது. பழைய மெஷின்களுக்கான கேம் ஒன்றுக்கு அதிகபட்சம் 6.79 டாலர் திரும்பக் கிடைக்கும் என்று கணக்கு. காலேஜ் ஃபுட்பாலுக்கு ஐந்து வருஷம் தனிக்குத்தகை எடுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். பெரிய மதகான என்.எஃப்.எல். மட்டும் அப்படியே இருந்தது.

இதே என்.எஃப்.எல். தொப்பி விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 32 டீம்களின் சின்னத்தையும் தொப்பியில் போடும் உரிமையை 2000-ல் ரீபக்குக்கு மட்டும் கொடுத்தார்கள். பிழைப்புப் போன ‘அமெரிக்கன் நீடில்’ என்ற தொப்பிக் கம்பெனி வழக்குப் போட்டது. “நாங்க எல்லாரும் ஒரே குடும்பம். எங்களுக்குள்ள என்ன போட்டி?” என்றது லீக். 2010-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் இதை நிராகரித்தார்கள். சின்னங்களை விற்பதில் 32 டீம்களும் தனித்தனி முதலாளிகள், கூட்டாகக் கதவைச் சாத்தினால் போட்டிச் சட்டம் கேள்வி கேட்கும் என்பது தீர்ப்பின் சாரம். நம்ம பாஷையில், முப்பத்திரண்டு குளத்துக்காரர்களும் கைகோத்து ஒரு கல்லணை கட்டினால் ‘அது குளம்தான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது.

*

கால்பந்தில் வேறு மாதிரி கூத்து. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உரிமம் ஈ.ஏ. கையில் போனதால், ஜப்பானியக் கம்பெனி கோனாமியின் கேமில் மான்செஸ்டர் யுனைடெட், ‘மேன் ரெட்’ என்ற புனைபெயரில் உலா வந்தது. பிறகு கோனாமி யுவென்டஸ் கிளப்பைத் தனிக்குத்தகை எடுத்துப் பழி தீர்த்துக்கொண்டது. 2019-ல் வந்த ஃபிஃபா 20-ல் யுவென்டஸ் பெயர் ‘பியமான்டே கால்சியோ’. ரொனால்டோ ஆடிய டீம்! சண்டை இரண்டு கம்பெனிக்கு. முழு ஆட்டமும் ஒரே டப்பாவில் கிடைக்காமல் போனது காசு கொடுத்தவனுக்கு.

*

“இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் சார், நமக்கென்ன” என்கிறீர்களா? நம்ம கிரிக்கெட்டுக்கு வருவோம்.

2007-ல் ஜீ குழுமம் ஐ.சி.எல். என்று ஒரு ட்வென்டி-20 போட்டி ஆரம்பித்தது. கபில்தேவ் தலைமை. முதல் கோப்பையை ஜெயித்தது யார் தெரியுமா? ‘சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்’. நம்ம ஹேமங் பதானி ஆடின டீம். ஆனால் அதில் ஆடினவர்களுக்கு கிரிக்கெட் வாரியம் கதவைச் சாத்தியது. 2009-ல் பல பேர் பொது மன்னிப்பு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. ஐ.சி.எல். காணாமல் போனது.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஐ.பி.எல். டி.வி. உரிம ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. ‘ஐ.பி.எல்-லுக்குப் போட்டியாக இன்னொரு உள்நாட்டு ட்வென்டி-20 லீகை வாரியம் நடத்தாது, அங்கீகரிக்காது, ஆதரிக்காது’ என்று பத்து வருஷத்துக்கு வாக்குறுதி! இந்தியப் போட்டி ஆணையம் 2013-ல் வாரியத்துக்கு 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டது. விசாரணை முறை சரியில்லை என்று 2015-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. மறுபடி விசாரித்து, 2017 நவம்பரில் அதே 52.24 கோடி. பைசா குறையவில்லை!

கவனியுங்கள். டி.வி. உரிமையை ஒரே சேனலுக்கு விற்றதற்கு அபராதம் இல்லை. அது குளத்துக் குத்தகை. ‘பக்கத்தில் வேறு குளமே வெட்டவிட மாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்ததுதான் வில்லங்கம்.

*

இப்போது நம்ம வீட்டு கேம். உங்கள் டிராயருக்குள் ஒளிந்திருக்கிற ‘வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ வெளிநாட்டுச் சரக்கு இல்லை சார். சென்னை நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் தயாரிப்பு. அதில் ஐ.பி.எல். கிடையாது. என்.பி.எல். என்று ஒரு லீக் இருக்கும்! டீமில் பெயர்களை நாமே திருத்திக்கொள்ளும் வசதியும் கொடுத்தார்கள். என் அக்கா பையன் கும்பகோணத்தில் டிகிரி படிக்கிறான். அதில் தன் கூட்டாளிகள் பதினோரு பேர் பெயரையும் ஏற்றி வைத்திருக்கிறான்.

“என்னடா இது?” என்றேன்.

“டி.என்.பி.எல்-ல தஞ்சாவூருக்குன்னு ஒரு டீம் உண்டா மாமா? அதான் நாங்களே ஆரம்பிச்சுட்டோம்” என்றான். “படிச்சு முடிச்சதும் சொந்தமா ஒரு கிரிக்கெட் கேம் பண்ணலாம்னு இருக்கேன். அஸ்வின் பேரைப் போட்டா கேஸ் வருமா மாமா?”

நியாயமான கேள்வி. ஓரளவு பதில் டெல்லி ஹைகோர்ட்டில் இருக்கிறது. ‘ராரியோ’ என்ற கம்பெனி, கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் அட்டைகளை விற்றது. நாம் பெட்டிக்கடையில் வாங்கி விளையாடின ட்ரம்ப் கார்டின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் உள்ளிட்ட வீரர்களிடம் தனிக்குத்தகை வாங்கியிருந்தது. ‘ஸ்ட்ரைக்கர்’ என்ற போட்டி விளையாட்டு, பணம் கொடுக்காமல் வீரர்களின் பெயரையும் புள்ளிவிவரத்தையும் போட்டு, போட்டோவுக்குப் பதில் வரைந்த படத்தை வைத்து அட்டை விற்றது. வழக்கு வந்தது. 2023 ஏப்ரல் 26-ம் தேதி நீதிபதி அமித் பன்சால் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். வீரரின் பெயரும் ஆட்ட விவரங்களும் ஊரறிந்த தகவல். ஊரறிந்த தகவலுக்கு ஒருத்தர் மட்டும் குத்தகைதாரர் ஆக முடியாது என்றார். பேச்சுரிமையும் இதில் அடக்கம் என்றார்.

2025-ல் வந்த சட்டம் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. அது வேறு விவகாரம். பெயர் யாருடையது என்கிற கேள்விக்கு இந்த உத்தரவு காட்டின திசை முக்கியம். இடைக்கால உத்தரவுதான், கடைசி வார்த்தை இல்லை. அதனால் பையனிடம், “பேரும் ஸ்கோரும் போட ஓரளவு தெம்பு இருக்குடா. போட்டோ, வாரியத்தோட சின்னம், டீம் லோகோ பக்கம் மட்டும் கேட்காம போயிடாதே. ஒரு நல்ல வக்கீலையும் பார்த்துடு” என்றேன்.

“வக்கீல் ஃபீஸ் யாரு மாமா கொடுப்பா?”

பேச்சை மாற்றி, மாயவரத்தில் மழையா என்று விசாரித்தேன்.

*

பெரிய கம்பெனிகளிடம் கேட்டால், ‘கோடி கோடியாக முதல் போடுகிறோம், உத்தரவாதம் வேண்டாமா?’ என்பார்கள். நியாயம்தான். மீன் குஞ்சு விட்டவருக்கு மீன் வேண்டும். லீக்காரர்களும், ஒருத்தருக்கே கொடுத்தால் மொத்தமாக ஒரு பெரிய தொகை வருகிறது என்பார்கள். அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது? 19.99-க்கும் 49.95-க்கும் நடுவில் நிற்கிற இடைவெளியிலிருந்துதான். அதைக் கட்டுகிறவன் செல்போனும் கையுமாக இருக்கிற கடைமடைக்காரன்.

வழி இல்லாமல் இல்லை. உலகக் கால்பந்து வீரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ, வீரர்களின் பெயர்களை ஈ.ஏ-வுக்கும் கொடுத்தது, கோனாமிக்கும் கொடுத்தது. இரண்டு பேரிடமும் காசு வாங்கியது. யார் நன்றாகச் செய்கிறார்களோ, அவர்கள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

நம்ம ஊரில் இதற்குப் பெயர் முறைப்பாசனம். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து மாற்றி மாற்றி விடுவார்கள். சண்டை வரும், வாய்த் தகராறு வரும், ராத்திரி மடையில் காவல் படுத்துக் கிடப்பார்கள். ஆனால் இந்த ஜில்லாவில் எந்தப் பண்ணையாரும், எவ்வளவு வசதி இருந்தாலும், மதகையே எனக்கு மட்டும் ஏலம் விடு என்று கேட்டதில்லை.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைமடையில் யாரிடமாவது விசாரித்துப் பாருங்கள். கையில் மண்வெட்டி இல்லாத நேரமாகப் பார்த்து!