கோபன்ஹேகனுக்கு முன்னால் கோபி

கோடை லீவு நெருங்கினால் போதும், கோவைக் கல்லூரிகளில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். சம்பாதிக்க ஆரம்பித்ததும் தனியாகப் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம் எந்த ஊருக்கு? பீச் வேண்டாம், ஷாப்பிங் வேண்டாம், சாப்பாட்டுக்காகவே போக வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு காலத்தில் பாங்காக், சிங்கப்பூர் என்று பதில் வரும். இப்போது கோபன்ஹேகனா, ஸ்டாக்ஹோமா, ஹெல்சிங்கியா என்று சண்டை. பெரும்பாலும் கோபன்ஹேகன்தான் ஜெயிக்கிறது.

ஜெயிக்கட்டும். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் இடிக்கிறது. "அங்கேதான் அந்த மண்ணில் விளைந்ததை அந்தந்த சீசனில் சமைத்துப் போடுகிறார்கள்" என்கிறார்கள். இதைச் சொல்வது யார்? ராகிக் களியைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்!

கோபன்ஹேகன் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அந்த ஊரிலும் முன்பெல்லாம் பெரிய ஹோட்டல் சாப்பாடு என்றால் பிரெஞ்சுச் சமையல்தான். உள்ளூர்ச் சரக்குக்கு மதிப்பில்லை. 2003-இல் நோமா என்ற உணவகம் அங்கே திறந்தது. 2004-இல் வட ஐரோப்பிய நாடுகளின் சமையல்காரர்கள் சிலர் கூடி 10 அம்ச அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். சாரம் இதுதான்: நம் மண், நம் கடல், நம் பருவம், இவற்றிலிருந்து சமைப்போம். 2010-இல் நோமா உலகின் சிறந்த உணவகம் என்று பட்டியலில் முதலிடம் பிடித்தது. காட்டுக்கீரையும் கடற்பாசியும் கூட விலை போக ஆரம்பித்தன. அந்தப் புகழுக்கு அடியில் அழுக்கும் இருந்தது. அங்கே பயிற்சிக்கு வந்து வேலை செய்த இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்ததே 2022-இல்தான். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தங்கள் சாப்பாட்டைப் பார்த்து வெட்கப்படுவதை நிறுத்தினார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

சரி, பி.காம் படிக்கிற கூட்டம் கணக்குப் பார்க்காமல் இருக்கலாமா? ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வராது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டால், டென்மார்க்கில் சாப்பாட்டுக்கும் 25 சதவீத வாட். இங்கே சாதாரண ஹோட்டல் பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம். இதெல்லாம் பயமுறுத்துவதற்காக அல்ல. முடிந்தவர்கள் தாராளமாகப் போகட்டும், உலகம் பார்க்கட்டும். ஆனால் ரை ரொட்டியின் புளிப்பை ரசிக்க நாக்குக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? முதல் நாள் ஆக்கி வைத்த கம்மஞ்சோற்றில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்த நாக்குக்கு அது சட்டென்று பிடிபடும். பீட்சாவிலேயே வளர்ந்த நாக்குக்கு அது காய்ந்த பிரெட்.

இப்போது கோபிக்கு வருவோம். காந்திபுரத்தில் பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். பவானி ஆற்றின் கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் நெல் வயல்கள். அணைப் பக்கத்திலேயே சுடச்சுட மீன் வறுவல். அங்கிருந்து ஈரோடு; 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் விளையும் சீமை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு போட்டு வதக்கும் அந்தச் சிக்கனுக்கு ஊர்ப்பெயரே பெயர். தெற்கே வந்தால் ஊத்துக்குளி வெண்ணெய். இன்னும் தெற்கே காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காடு. தண்ணீர் குறைந்த பூமி, அதனால் கம்பு, சோளம், கொள்ளு. கோடையில் பனைமரத்துத் தெளுவு. மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். ஒரு வாரத்தில், பஸ் டிக்கெட் செலவில், வாய்க்கால் பாயும் மண்ணுக்கு ஒரு சமையலும் வானம் பார்த்த மண்ணுக்கு ஒரு சமையலும் இருப்பதை ஒருவர் வாயாலேயே படித்துவிடலாம். கோபன்ஹேகன்காரர்கள் அறிக்கை போட்டுக் கேட்டதும் இதைத்தானே?

போனால் கிடைக்குமா? இங்கேதான் வயிற்றெரிச்சல்!

பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் புரோட்டா, ஃப்ரைடு ரைஸ், பிரியாணி. "கொங்கு விருந்து" என்று போர்டு போட்ட இடத்துக்குள் போனாலும் நாட்டுக்கோழி கிடைக்கும். சந்தகையும், செலவு ரசமும், கொள்ளுப் பருப்பும், அரிசிம்பருப்புச் சாதமும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவை வீட்டுக்குள் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட யாருக்காவது சொந்தக்காரராக இருக்க வேண்டும். தனியாக வந்தவருக்கு அந்தக் கதவு இல்லை.

தனியாக வருபவரை இந்த ஊர்கள் வரவேற்கும் விதமும் தெரிந்ததுதான். "ஏங் கண்ணு, தனியாவா வந்தீங்க? எந்த ஊருங்க? யாரு ஊட்டுப் புள்ளைங்க?" கேட்பதில் பாசம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் மூன்றாவது கேள்வியின் அடியில் என்ன கேள்வி இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2023-இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் அதே காரணத்துக்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடாமல் தடுத்தார்கள். கலெக்டரே நேரில் போக வேண்டியிருந்தது. விருந்தோம்பலுக்குப் பேர்போன பூமி என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். மகளை மேல்படிப்புக்கு ஐரோப்பாவுக்கு அனுப்ப பாங்கில் லோன் போடும் அப்பா, அதே மகள் ஈரோட்டில் ஒரு மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்வாரா? "நாலு பேர் என்ன நெனைப்பாங்க?" கோபன்ஹேகனில் அந்த நாலு பேர் இல்லை. உண்மையில் அந்த ஊர் ஜெயிப்பது இங்கேதான். ருசியில் அல்ல. யாரும் எதுவும் கேட்காத ஒரு நாற்காலியை அது தருகிறது. பிள்ளைகள் பத்தாயிரம் யூடியூப் வீடியோ பார்த்துத் தேடுவது அந்த நாற்காலியைத்தான். வாய் மட்டும் சீசன் உணவு என்கிறது.

அப்படியானால் கோபியை விட்டுவிடலாமா? கூடாது. சந்தைக்கு ஒரு விதி உண்டு, முதல் வருடப் பாடத்திலேயே வரும். கேட்பவர் இல்லாத சரக்கை யாரும் கடையில் வைக்க மாட்டார்கள். பத்துப் பேர் தனித்தனியாகப் போய் "களி இருக்குங்களா?" என்று கேட்டால் பதினோராவது நாள் களி இருக்கும். ஒருவருக்கான அளவில் ஒரு உருண்டை களி, கீரைக் கடைசல், கொள்ளுப் பருப்பு. விலை எழுதிய போர்டு. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற ஒரு மேஜை. முதலீடு அதிகமில்லை. சமைக்கத் தெரிந்த பெண்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் நோமா 2022-இல் கற்ற பாடத்தையும் முதல் நாளே கற்றதாகிவிடும்.

தனியாக ஒரு பெண் பத்து முறை போய் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த நாலு பேரும் பழகிக்கொள்வார்கள். கேள்வி கேட்பவரிடம் "பசிக்கிற ஊட்டுப் புள்ளைங்க" என்று சிரித்துச் சொல்லிவிட்டு இலையைப் போடச் சொல்லலாம். சங்கடம்தான். விசா ஆபீஸ் வரிசையில் நின்று பாங்க் ஸ்டேட்மென்ட் நீட்டுவது மட்டும் சங்கடம் இல்லையா?

கோபன்ஹேகன் எங்கும் ஓடிவிடாது, அடுத்த கோடையிலும் இருக்கும். சந்தகை பிழியும் பாட்டிகள் அப்படி இல்லை.