இட்லிப்பொடிக்கு ஊற்றிய எண்ணெய்

"காலையில ரெண்டு இட்லிதான் மேடம். மத்தியானம் ஒரு கப் சாதம். அப்படியும் வெயிட் இறங்க மாட்டேங்குது." இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடந்த உணவியல் ஆலோசகர் இருக்க மாட்டார். அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு, 1,200 கலோரி டயட் சார்ட் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதும் பழகிப்போயிற்று.

சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. இட்லி இரண்டேதான். பொடியில் குழைத்த நல்லெண்ணெய்தான் கணக்கில் வரவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. நடுத்தர அளவு இட்லி இரண்டும் ஏறக்குறைய அவ்வளவே. இன்னொரு கரண்டி ஊற்றினால் இட்லியைவிடப் பொடி கனத்துவிடும். பதினொரு மணி டீ, நாலு மணி டீ, கூட வந்த பிஸ்கட், பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, வீணாகப் போகிறதே என்று வாயில் போட்ட பருப்புச் சாதம் எல்லாம் நின்றபடி, வேலையோடு வேலையாக உள்ளே போனவை. தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது மட்டுமே நினைவில் நிற்கும்.

இது நம் ஊர் விஷயம் மட்டுமல்ல. நியூயார்க்கில் லிக்ட்மன் குழுவினர் நடத்தி, 1992-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வு நம் துறையில் பலரும் படித்ததுதான். 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்றவர்களை அளந்து பார்த்தபோது, உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றத்தில் கோளாறு ஏதும் தென்படவில்லை. படித்தோம், பரீட்சையும் எழுதினோம். கிளினிக்கில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டோம்.

மறக்கக்கூடிய நிலைமையில் தமிழ்நாடு இல்லை. 2015-16-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இம்மாநிலப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். 2019-21-ல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 என்பது 37 ஆயிற்று. இதுவும் பி.எம்.ஐ. 25 என்ற கோட்டில் எடுத்த கணக்கு. இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 23-ஐ வைத்தால் இன்னும் கூடும்.

இவ்வளவுக்கும் நாம் கொடுக்கும் சார்ட்டைப் பாருங்கள்: ஓட்ஸ், பிரவுன் ரைஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டுக்கு இது எத்தனை நாள் ஓடும்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அரிசியைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2,000 கலோரித் தட்டில் 250 கிராம் தானியத்துக்கு 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரைக் கூட்டையோ கொண்டைக்கடலைச் சுண்டலையோ வைக்க எந்த சூப்பர் மார்க்கெட்டுக்கும் போக வேண்டியதில்லை.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஞாபகம் தடுமாறும். மாதம் எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். அதே வழிகாட்டுதலின்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். சர்க்கரை ஆளுக்கு 25 கிராம் என்றால் அதே வீட்டுக்கு மூன்று கிலோ, வெளியில் குடிக்கும் டீயும் தின்னும் இனிப்பும் சேர்த்து. மளிகைச் சீட்டில் ஆறு லிட்டர் எண்ணெய் இருந்தால் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். 'ரெண்டு இட்லி' பற்றி விவாதிக்கவே தேவையில்லை. வந்தவரும் குற்றவாளிபோலக் கூசி நிற்க மாட்டார்.

இலக்கையும் எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். எண்பது கிலோ உள்ளவர் நான்கு கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியும். அறுபதைச் சொல்லி அனுப்பினால் அவர் இரண்டாம் முறை வருவதில்லை.

உணவியல் ஆலோசகர்கள் தங்கள் கேஸ் ஷீட்டில் மூன்று கட்டங்களைக் கூடுதலாகப் போட வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது: வீட்டின் மாத எண்ணெய், மாதச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்பையும் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.