குறைமாதப் பிள்ளையும் ஜனவரி 31ஆம் திகதியும்

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று முறையிட வரும் தாய்மாரிடம், "நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையா?" என்று கேட்பேன். "அது எட்டு வருசத்துக்கு முந்தின கதையல்லவா ஹஸ்ரத்?" என்பார்கள்.

அன்புச் சகோதரிகளே, கர்ப்பம் நாற்பது வாரக் கணக்கு. 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளையை டாக்டர்மார் நெடுநாள் கவனித்து வருவார்கள். 32 முதல் 36 வாரத்துக்குள் பிறந்தவர்களோ எடை கூடியதும் வீடு வந்துவிடுகிறார்கள். பிறகு எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் 34ஆம் வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாத மூளையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

நெதர்லாந்தில் 32 முதல் 35 வாரங்களில் பிறந்த பிள்ளைகளை ஏழு வயதில் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சொல்லாற்றலிலும், கேட்டதை நினைவில் வைப்பதிலும் குறையில்லை. கவனத்தை நிறுத்துதல், அவசரத்தை அடக்குதல், உருவங்களையும் இடங்களையும் கண்டு விளங்குதல் ஆகியவற்றிலேயே சராசரியாகச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். சராசரி என்பதைக் கவனியுங்கள். எந்தக் குறையுமில்லாத பிள்ளைகளும் ஏராளம்.

இங்கேதான் அநியாயம் நடக்கிறது. வாய் நிறையக் கதைக்கிறான், சூறாக்களைச் சட்டென்று பாடமாக்குகிறான், கணக்குக் கொப்பியில் மட்டும் பத்தையும் ஒன்றையும் இடம் மாற்றி எழுதுகிறான். உடனே "சோம்பேறி" என்று பட்டம் சூட்டி, பிரம்பையும் எடுத்துவிடுகிறோம். தங்கச்சியோடு ஒப்பிடுவது அதைவிடக் கொடுமை.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகிறது. பெப்ரவரி 10இல் பிறக்கவேண்டிய பிள்ளை ஐந்து வாரம் முந்தி ஜனவரி 6இல் பிறந்துவிட்டால், ஒரு வருடம் முந்தியே வகுப்பில் உட்காருகிறது. அதுவே வகுப்பில் மிகச் சிறியது. வளர்ச்சியில் அதைவிடவும் சிறியது. குறைமாதப் பிள்ளைகளின் பின்னடைவில் ஒரு பங்கு இதனாலும் வரலாமென்று, இங்கிலாந்தின் பிறிஸ்டல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் 2013இல் எழுதினார்கள்.

வகுப்பாசிரியைக்கு இதை யார் சொல்வது? நீங்கள்தான். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் ஏவுங்கள். கணக்குக்குச் சதுரக் கோடிட்ட கொப்பி கொடுங்கள். பதினைந்து நிமிடம் படித்தால் எழுந்து ஓடவிடுங்கள். (புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி இப்போதே கேட்கும் வாப்பாமார் சற்றுப் பொறுக்கட்டும்.)

கிளினிக்கில் தந்த பதிவேட்டை அலுமாரியிலிருந்து எடுங்கள். பிறந்த திகதியையும், டாக்டர் குறித்த பிரசவத் திகதியையும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே ஜனவரி 31 விழுந்தால், அந்தக் கடதாசியோடு நாளைக்கே ஆசிரியையிடம் போங்கள்.