புகார்ப் பெட்டி காலியாக இருந்தால் போதுமா?



பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்கப்படும் அறிக்கைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். “மாணவிகளின் பாதுகாப்புக்கென இவ்வாண்டு இரண்டு விழிப்புணர்வு முகாம்கள் நடத்தினோம். எல்லா மாணவிகளும் கலந்துகொண்டனர். புகார்ப் பெட்டியும் வைத்திருக்கிறோம். இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை” என்று அறிக்கை வாசிக்கப்படும். அவையில் கைதட்டல் எழும். மகளை அப்பள்ளிக்கு அனுப்பியிருக்கும் தாய்க்கும் நெஞ்சில் ஒரு நிம்மதி பிறக்கும்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதைத்தான் இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டும். பள்ளிகளில் நம் பெண்மக்களைப் பாலியல் வன்முறையிலிருந்து காப்பதற்கென்று உலகெங்கும் திட்டங்கள் பல தீட்டப்பட்டுள்ளன. அவற்றுள் எது உண்மையில் பலன் தருகிறது, எது வெறும் சடங்காக முடிகிறது என்று எவ்வாறு அறிவது? பேசக் கூச்சம் தரும் பொருள்தான். ஆயினும் நாம் கூசி ஒதுங்கும் இடத்தில்தான் குற்றவாளி துணிவு பெறுகிறான்.

எதை எண்ணுகிறோம்?

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எத்தனை வேளை மருந்து கொடுத்தோம் என்று எண்ணுவதோடு நாம் நிற்பதில்லை. நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறோம். சூடு தணிந்ததா என்பதே நமது கேள்வி. பள்ளித் திட்டங்களின் அறிக்கைகளோ பெரும்பாலும் மருந்து கொடுத்த கணக்கை மட்டுமே சொல்கின்றன. எத்தனை முகாம், எத்தனை மாணவிகள், எத்தனை துண்டுப் பிரசுரங்கள் என்ற எண்ணிக்கை, செய்த வேலைக்குச் சான்றாகுமேயன்றி, விளைந்த பலனுக்குச் சான்றாகாது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் ‘காக்ரேன்’ என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பு அறிக்கையை வெளியிட்டது. பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தற்காப்பு அறிவு புகட்டும் பாடங்கள் பற்றிப் பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளை அது ஆராய்ந்தது. அவற்றில் பங்குபெற்ற மாணவர்கள் 5,802 பேர். அந்தப் பாடங்களைக் கற்ற குழந்தைகள், தகாத தொடுதல் எது, யாரிடம் சொல்ல வேண்டும், அன்னியர் அழைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைக் கல்லாத குழந்தைகளைவிட நன்கு அறிந்திருந்தனர். “இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிஞ்சு மனத்தில் அச்சம் புகுந்துவிடுமே” என்று அஞ்சும் பெற்றோர் நம்மில் உண்டு. அந்த 24 ஆய்வுகளில் குழந்தைகளின் அச்சத்தை அளந்து பார்த்தவை, அது கூடியதாகக் காட்டவில்லை. இஃது ஆறுதலான செய்தி.

ஆனால் அதே அறிக்கை இன்னோர் உண்மையையும் மறைக்காமல் உரைத்தது. குழந்தைகள் கற்றுக்கொண்டதை அளந்தார்கள். அதனால் அவர்களுக்கு நேரும் கொடுமை குறைந்ததா என்பதை அந்த ஆய்வுகள் போதிய அளவில் அளக்கவில்லை. பாடம் புரிந்ததா என்று தேர்வு வைத்தார்களே ஒழிய, சூடு தணிந்ததா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

நைரோபி தந்த பாடம்

தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியின் சேரிப்பகுதிகளில், 13 முதல் 20 வயது வரையிலான மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. உரத்த குரலில் மறுப்பது, ஆபத்தின் அறிகுறிகளை உணர்வது, தேவைப்பட்டால் உடலால் எதிர்த்துத் தப்புவது ஆகியவை கற்பிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உனக்கு நேர்ந்த கொடுமைக்கு நீ பொறுப்பல்ல’ என்ற தெளிவு ஊட்டப்பட்டது. 2014இல் வெளியான அதன் ஆய்வு, பயிற்சி பெற்ற மாணவியரையும் பெறாத மாணவியரையும் ஒப்பிட்டது.

பயிற்சி பெற்ற தரப்பில், நூறு மாணவியருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 18 என்ற கணக்கில் இருந்த பாலியல் தாக்குதல் 11 ஆகக் குறைந்தது. பயிற்சி பெறாத தரப்பில் அது 14 என்ற அளவில் அசையாமல் நின்றது. பயிற்சி பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர், தம்மை நாடி வந்த ஒரு தாக்குதலையேனும் தடுக்கக் கற்றதைப் பயன்படுத்தியதாகக் கூறினர்.

இந்த எண்களைவிட முக்கியமான ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட மாணவியரில், நேர்ந்ததை யாரிடமாவது சொன்னவர்கள் முன்னர் 56 விழுக்காடு. பயிற்சிக்குப் பின் அது 75 விழுக்காடாக உயர்ந்தது. கொடுமை குறைந்தது, அதே நேரத்தில் கொடுமையைப் பற்றிய பேச்சு பெருகியது! இதனைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஒரு பள்ளியில் நல்ல திட்டம் தொடங்கியவுடன் முதலில் கூடுவது புகார்களாகவும் இருக்கலாம். மௌனமாகப் புதைந்து கிடந்தவை வெளியே வருகின்றன. ஆகவே, புகார் வந்த பள்ளியை ‘கெட்ட பள்ளி’ என்றும், வராத பள்ளியை ‘நல்ல பள்ளி’ என்றும் முத்திரை குத்துவது பெரும் பிழை. பெட்டி காலியாக இருப்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம்: ஒன்று, கொடுமை நிகழவில்லை, மற்றொன்று, சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்ப்பதால் மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

நைரோபி ஆய்வுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது மாணவியர் தாமே சொன்னதை நம்பி நடந்தது. மேலும், சிறுமியைத் தயார்படுத்துவதோடு நின்றுவிட்டால், தன்னைக் காக்கும் பாரம் முழுவதும் அவள் தோளிலேயே ஏறிவிடுகிறது. அவளைச் சூழ்ந்துள்ள பெரியவர்கள் மாற வேண்டாமா?

ஒரு மாவட்டம், 42 பள்ளிகள்

அந்தக் கேள்வியோடு நாம் உகாண்டாவின் லுவேரோ மாவட்டத்துக்குச் செல்வோம். கம்பாலா நகரைச் சேர்ந்த ‘ரைசிங் வாய்சஸ்’ என்னும் அமைப்பு, ‘நல்ல பள்ளி’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை வகுத்தது. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் சேர்ந்து குழு அமைத்து, பிரம்பில்லாமல் ஒழுங்கைப் பேணும் வழிகளைக் கண்டு, பள்ளியின் நடைமுறையையே மாற்றுவது அதன் நோக்கம். 2012இல் 42 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். 21 பள்ளிகளில் பதினெட்டு மாதங்கள் திட்டம் நடந்தது. மற்ற 21 பள்ளிகளுக்குப் பின்னர் வழங்குவதாக ஏற்பாடு.

2014இல் மாணவர்களைத் தனித்தனியே சந்தித்துக் கேட்டனர். கடந்த ஒரு வாரத்தில் பள்ளி ஊழியரால் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானோர், திட்டம் நடந்த பள்ளிகளில் 31 விழுக்காடு. நடக்காத பள்ளிகளில் 49 விழுக்காடு. குலுக்கல் முறையில் பிரித்ததால், இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது அடி உதையைத்தான். பாலியல் வன்முறையை அன்று. ஒன்று குறைந்ததால் மற்றதும் குறைந்தது என்று முடிவு கட்டலாகாது. ஆயினும் இரண்டுக்கும் உள்ள உறவை எந்தத் தாயும் உணர்வாள். பிரம்பைத் தூக்கும் கைக்கு நடுங்கும் சிறுமி, அதே கை வேறு விதமாக நீளும்போது யாரிடம் முறையிடுவாள்? அச்சமே ஆட்சி செய்யும் பள்ளியில் புகார்ப் பெட்டி வெறும் மரப்பெட்டி.

இந்த ஆய்வின் நெஞ்சை உலுக்கும் பகுதி இனிமேல்தான் வருகிறது. கேள்வி கேட்கப் போன இடத்தில் குழந்தைகள் தம் துயரங்களைக் கொட்டினார்கள். 2012இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலேயே, சந்தித்த 3,706 பேரில் 529 பேரின் நிலை, குழந்தைப் பாதுகாப்புப் பணியாளரிடம் உடனே ஒப்படைக்க வேண்டிய அளவுக்குக் கடுமையாக இருந்தது. அவ்வாறே ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் எத்தனை பேருக்குப் போதிய உதவி கிடைத்தது தெரியுமா? வெறும் 20 பேருக்கு! 2014 கணக்கெடுப்பிலும் 434 குழந்தைகள் அவ்விதம் ஒப்படைக்கப்பட்டனர்.

வாய் திறந்த குழந்தைக்கு வழி திறக்கவில்லையென்றால், அவள் மறுபடி வாய் திறப்பாளா? எனவே ஒரு திட்டத்தை மதிப்பிடுவோர் இறுதியாகக் கேட்க வேண்டியது இதுவே: சொன்ன குழந்தைக்கு என்ன நடந்தது?

நம் வீட்டு வாசலில்

இவை தொலைதேசச் செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். இந்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் நடந்தது. குழந்தைகளிடம் கேட்டதில் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். பெண்பிள்ளைகள் மட்டுமல்லர், ஆண்பிள்ளைகளும் அதில் அடக்கம். கொடுமை செய்தோரில் பாதிப்பேர், குழந்தைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவேயில்லை.

பத்திரிகையில் ஒரு செய்தி வந்துவிட்டால், ‘படித்தது போதும், வீட்டில் இரு’ என்று மகளின் படிப்பை நிறுத்தும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அறிமுகமானவரே பாதிப்பேர் எனும்போது, வீட்டில் இருத்துவது எப்படிக் காவலாகும்? குற்றம் புரிந்தவன் வெளியே நடமாட, குற்றமற்றவள் புத்தகத்தை மூடிவைப்பதா? தன் படிப்பு நின்றுவிடும் என்று அஞ்சியே பல சிறுமியர் உம்மாவிடம்கூட வாய் திறப்பதில்லை. ‘சொன்னால் குடும்ப மானம் போய்விடும்’ என்ற ஒரு சொல், எந்தப் பூட்டையும்விட வலிமையாக அவள் வாயைப் பூட்டிவிடுகிறது. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? அவர்கள் சொல்வதைக் கேட்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே.

நீங்கள் கேட்க வேண்டியவை

அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டளை. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நம் பொறுப்பிலுள்ள மத்ரஸாவும் விடுதியும் இக்கேள்விகளுக்கு விலக்கானவை அல்ல. அங்கே இவற்றைக் கேளுங்கள்:

முகாம் ஒரு நாளோடு முடிந்ததா, ஆண்டு முழுவதும் தொடர்கிறதா? மாணவிகளுக்கு மட்டும்தானா, ஆசிரியர், வாகன ஓட்டுநர், காவலாளி, மாணவர்கள் ஆகியோருக்கும் பயிற்சி உண்டா? பெட்டியை யார் திறக்கிறார்? அந்த ஒருவரே குற்றஞ்சாட்டப்பட்டால் மாற்று வழி என்ன? ‘ஆபத்து வந்தால் இந்தப் பள்ளியில் யாரிடம் சொல்வாய்? சொன்னால் நம்புவார்களா?’ என்று மாணவிகளிடம் பெயர் கேட்காமல், ஆண்டுக்கு இருமுறையேனும் கேட்டுப் பார்க்கிறார்களா? முன்பு வந்த புகார்கள் சட்டப்படி கையாளப்பட்டனவா, சமரசம் பேசி மூடப்பட்டனவா?

கடைசிக் கேள்விக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தம் கீழுள்ள ஒருவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை. காவல் நிலையப் படி ஏற அஞ்சுவோர்க்கும் அச்சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயோ அவள் விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரியே, சீருடை அணியாமல் வர வேண்டும். சிறுமியைப் பரிசோதிப்பது பெண் மருத்துவராக இருக்க வேண்டும். அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவது குற்றம். 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை உங்கள் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வியுங்கள்.

சகோதரிகளே! இத்தனை ஆய்வுகளும் பள்ளிகளைக் கேட்கும் கேள்விகள் நம் வீட்டுக்கும் பொருந்தும். பெரியவர்களின் முகத்தைப் பார்த்து அஞ்சாமல் பேசும் உரிமை நம் மகளுக்கு வீட்டில் இருக்கிறதா? அவள் ஒரு பெயரைச் சொன்னால், அது மாமாவாயினும் ஆசிரியராயினும் ஊர்ப் பெரியவராயினும், முதலில் அவளை நம்புவோமா? இன்றிரவு உணவுக்குப் பின் அவளை அருகே அமர்த்திக் கேளுங்கள்: “உனக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் யாரிடம் சொல்வாய்?” அவள் உங்களைச் சுட்டினால் இறைவனுக்கு நன்றி செலுத்துங்கள். தயங்கினால், கோபம் கொள்ளாதீர்கள். அந்தத் தயக்கம் ஏன் என்று பொறுமையாகக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள்.